ஆங்கில இலக்கணமும் நம் வீட்டுத் தமிழும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

இசையரங்கும் பிள்ளைகளின் நாடகமும் காத்திருக்கும் மாலைப்பொழுதில் இலக்கணம் பேச வந்து நிற்பது துணிச்சலான செயலே. அதிலும் தமிழ்ச் சங்க மேடையில் ஆங்கில இலக்கணத்தைப் பேசப் புகுவது உங்களிற் சிலருக்கு வியப்பாகவும் இருக்கலாம். சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பை நடத்திவரும் எங்கள் மூவரின் சார்பில் அமைவது இவ்வுரை. ஆகவே 'நாங்கள்' என்னும்போது அம்மூவரையும், 'நாம்' என்னும்போது உங்களையும் உடன் சேர்த்தும் கொள்க. இவ்விரண்டிற்கும் ஆங்கிலத்தில் 'வி' என்ற ஒரே சொல்தான் உண்டு. கேட்பவரைச் சேர்த்தோமா, விலக்கினோமா என்பதை ஆங்கிலம் பேசுவோர் இடம்நோக்கியே உணர்ந்துகொள்ள வேண்டும். நம் வீட்டில் மூன்று வயதுக் குழந்தைகூட 'நாம போலாமா' என்பதற்கும் 'நாங்க போறோம்' என்பதற்கும் உள்ள வேறுபாட்டைப் பிழையின்றி அறியும். இந்தச் சிறு செய்தியை மனத்திற்கொண்டு மேலே செல்வோம்.

இவ்வாண்டுத் தொடக்கத்தில் எங்கள் வகுப்பிற்கு இருபத்திரண்டு பிள்ளைகள் வந்தனர். தீபாவளிக்குள் பதின்மூவராயினர். நின்றுபோனவர் வீடுகளுக்குச் சென்று விசாரித்தோம். எவரும் தமிழை வெறுத்துப் பிள்ளைகளை நிறுத்தவில்லை. ஞாயிறு காலை பத்து மணிக்கே ஆங்கில இலக்கணத்திற்குத் தனி வகுப்பு வைத்திருக்கிறார்கள்; இரண்டில் ஒன்றைத்தான் தேர வேண்டியிருந்தது; ஆங்கிலத்தைத் தேர்ந்தோம் என்றார்கள். அவர்களைக் குறைகூற எங்களுக்கு மனம் வரவில்லை. நாம் ஊர்விட்டு ஊர் மாற்றப்படும் குடும்பங்கள். யமுனைக் கரையில் இன்று இருக்கிறோம்; மூன்றாண்டு கழித்து எங்கிருப்போமோ அறியோம். பிள்ளைகளோடு எல்லா ஊர்க்கும் உடன்வருவது ஆங்கிலமே. 1950இல் நடைமுறைக்கு வந்த அரசமைப்பு, நடுவண் அரசின் அலுவல்களில் ஆங்கிலத்திற்குப் பதினைந்து ஆண்டே தவணை கொடுத்தது. பின்னர் 1963ஆம் ஆண்டுச் சட்டமும் 1967இல் அதற்குச் செய்த திருத்தமும் அத்தவணையைக் கடந்து ஆங்கிலத்தை நிலைநிறுத்தின. அதற்காகத் தமிழகம் கொடுத்த விலையை அறிந்த நாமே ஆங்கிலத்தை வேண்டாம் என்று சொல்லப்போவதில்லை.

ஆனால் ஒரு வீட்டில் நாங்கள் கேட்ட சொல் எங்களை உறங்கவிடவில்லை. பள்ளியில் பெற்றோரை அழைத்து, 'வீட்டில் இனி ஆங்கிலமே பேசுங்கள். அப்போதுதான் குழந்தைக்கு இலக்கணம் படியும்' என்று அறிவுறுத்தினார்களாம். அந்த அம்மையார் எங்களிடம் கேட்டார்: "ஐயா, நான் பேசும் ஆங்கிலம் பிழை நிறைந்தது. என் மகளோடு பிழையான ஆங்கிலம் பேசுவதா, பேசாமலே இருந்துவிடுவதா? இரண்டில் எது அவளுக்கு நல்லது?" ஒரு தாய் தன் மகளோடு பேசாதிருப்பதைப் பற்றி எண்ணும்படி ஆயிற்று. அதற்கு உரிய விடையைத் தேடியதன் பயனே இவ்வுரை.

அவர் மகள் எட்டாம் வகுப்பில் படிக்கிறாள். காய்ச்சலுக்காக விடுப்புக் கடிதம் எழுதியிருந்தாள். 'ஐ ஆம் சஃபரிங் ஃபிரம் ஃபீவர் சின்ஸ் த்ரீ டேஸ்' என்று அதில் இருந்தது. ஆசிரியை சிவப்பு மையால் வட்டமிட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார். விதி அவளுக்குத் தெரியாதா என்றால் நன்றாகத் தெரியும். 'சின்ஸ்' என்பது தொடங்கிய நேரத்தைக் குறிக்கும். 'ஃபார்' என்பது கழிந்த கால அளவைக் குறிக்கும் என்று தூக்கத்தில் கேட்டாலும் ஒப்பிப்பாள். எழுதும்போது மட்டும் தவறுகிறது. நாங்கள் அவளிடம், "அம்மாவிடம் சொல்வதுபோல் சொல், பார்ப்போம்" என்றோம். அவள் சற்றே விழித்தாள். கதவருகில் நின்ற தாயாரே சொல்லிவிட்டார்: "மூணு நாளா காய்ச்சல். திங்கட்கிழமையிலேர்ந்து காய்ச்சல்."

அன்பர்களே, விதி முழுவதும் அவ்விரண்டு தொடர்களில் அடங்கிவிட்டது. கால அளவைச் சொல்லும்போது தமிழ் 'ஆக' என்கிறது. தொடங்கிய நாளைச் சொல்லும்போது 'இருந்து' என்கிறது. 'மூன்று நாளிலிருந்து காய்ச்சல்' என்று தமிழ் வாயில் இயல்பாக வருவதில்லை; 'திங்கட்கிழமையாகக் காய்ச்சல்' என்று எவரும் சொல்வதே இல்லை. 'ஆக' வரும் இடத்தில் 'ஃபார்'. 'இருந்து' வரும் இடத்தில் 'சின்ஸ்'. அவ்வளவே. அப்படியாயின் அந்தப் பெண் ஏன் தவறினாள்? அவள் தெருவிலும் பள்ளியிலும் நாள் முழுவதும் பேசுவது இந்தி. இந்தியில் 'தீன் தின் ஸே', 'சோம்வார் ஸே' என்று இரண்டிற்கும் ஒரே 'ஸே' போதும். அது அம்மொழியின் குறையன்று, அம்மொழியின் இயல்பு. ஆனால் அந்த ஒற்றைச் சொல்லின் வழியே ஆங்கிலத்திற்குச் செல்லும் குழந்தைக்கு 'சின்ஸ்', 'ஃபார்' என்னும் பிரிவு மனப்பாடம் செய்யவேண்டிய சுமையாகிவிடுகிறது. தாயின் மொழிவழியே சென்றால் அது ஏற்கெனவே கையில் உள்ள பொருள்.

கடிதத்தின் மற்றொரு பிழைக்குத் தமிழ் உதவாது என்பதையும் அன்றே சொல்லிவிட்டோம். 'மூன்று நாளாக வருந்துகிறேன்' என்று தமிழ் நிகழ்காலத்திலேயே நின்றுவிடும். ஆங்கிலம் அதற்கு ஒப்பாது. அன்று தொடங்கி இன்றுவரை வந்து சேர்ந்ததைக் காட்ட 'ஹாவ் பீன் சஃபரிங்' என்று வினையையே நீட்டிச் சொல்ல வேண்டும். இது புதிதாகக் கற்க வேண்டியது. புதிது இன்னது, பழையது இன்னது என்று பிரித்துக் காட்டினாலே குழந்தையின் சுமையிற் பாதி குறைந்துவிடுவதை நாங்கள் கண்டோம்.

ஆங்கில இலக்கணத்தின் அடிப்படையை ஒரு சொல்லில் கூறுவதானால் அது 'இடம்' என்பதே. 'நாய் மனிதனைக் கடித்தது' என்றாலும் 'மனிதனை நாய் கடித்தது' என்றாலும் நமக்குக் கடிபட்டவன் மனிதனே. 'ஐ' என்னும் வேற்றுமை உருபு அவனைவிட்டு அகலாமல் காவல் நிற்கிறது. 'தி டாக் பிட் தி மேன்' என்பதில் இடத்தை மாற்றினால் மனிதன் நாயைக் கடித்தவனாகிவிடுவான். ஏன் இப்படி? ஆங்கிலமும் ஒரு காலத்தில் உருபுகள் உடைய மொழியாகவே இருந்தது. 1066இல் நார்மானியர் படையெடுத்து இங்கிலாந்தைக் கைக்கொள்வதற்கு முற்பட்ட பழைய ஆங்கிலத்தில் பெயர்ச்சொற்கள் வேற்றுமைக்கேற்ப ஈறு மாறின. பின்வந்த நூற்றாண்டுகளில் அவ்வீறுகள் தேய்ந்து உதிர்ந்தன. காவலர் போனபின் ஒவ்வொருவரும் தத்தம் இருக்கையிலேயே அமர்ந்திருக்க வேண்டியதாயிற்று. உடைமையைக் காட்டும் 'ஸ்' மட்டும் பழைய உருபின் எச்சமாக இன்றும் பெயரின் பின்னே ஒட்டிக்கொண்டிருக்கிறது. 'ராமாஸ் புக்' என்பதை 'இராமனது நூல்' என்று நம் ஆறாம் வேற்றுமையாக விளக்கினால் சிறு பிள்ளைக்கும் விளங்கும்.

வினைச்சொல்லிலும் இதே தேய்வு. வருகிறேன், வருகிறாய், வருகிறான், வருகிறாள், வருகிறது என நம் வினை தன்னை நடத்தும் எழுவாயின் முகத்தை ஈற்றிலே காட்டும். ஆங்கிலத்தில் நிகழ்காலப் படர்க்கை ஒருமைக்கு மட்டும் ஒரு 'ஸ்' எஞ்சி நிற்கிறது. 'ஹி கம்', 'ஷி கோ' என்று அதையும் விட்டுவிடும் பிள்ளைகளிடம், "ஆன், ஆள், அது என்ற மூன்றிற்கும் சேர்த்து அவர்களிடம் மிஞ்சியிருப்பது இந்த ஒன்றே, அதையும் பறிக்கலாமா?" என்று கேட்போம். சிரிப்பார்கள், பிறகு மறப்பதில்லை.

இனி, எங்களுக்கே பெருமகிழ்ச்சி அளித்த ஒரு பாடத்தைச் சொல்கிறோம். ஏழாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் கிரிக்கெட் ஆட்டத்தைப் பற்றி நண்பனிடம், 'டிட் யூ ஸா தி மேட்ச்' என்று கேட்டான். இப்பிழையைத் திருத்தித் திருத்தி ஆசிரியர்கள் ஓய்ந்துபோயிருக்கிறார்கள். நாங்கள் கரும்பலகையில் 'பார்த்தாயா' என்று எழுதினோம். அன்றைய பாடம் பகுபத உறுப்பிலக்கணம். பார் என்பது பகுதி. இரண்டு தகர மெய்களில் முன்னது சந்தி, பின்னது இறந்தகாலம் காட்டும் இடைநிலை. ஆய் என்பது முன்னிலை ஒருமை விகுதி. இறுதியில் நிற்கும் ஆ வினா. 'இவ்வுறுப்புகளை ஆங்கிலத்தில் தேடுங்கள்' என்றோம். ஆய் என்பது 'யூ' என்று ஒரு பெண் சொன்னாள். பார் என்பது 'ஸீ' என்றான் மற்றொருவன். இறந்தகாலமும் வினாவும் எங்கே? சற்றுநேரம் வகுப்பில் ஓசையில்லை. பிழைசெய்த சிறுவனே எழுந்து, "டிட்! இரண்டும் டிட்டுக்குள்ளே இருக்கு சார்!" என்றான். காலத்தை 'டிட்' வாங்கிக்கொண்டபின் 'ஸீ' என்பதை 'ஸா' என்றாக்குவது ஒரே சொல்லில் இடைநிலையை இருமுறை வைப்பதற்கு ஒப்பாகும். 'டஸ் ஹி நோ' என்பதில் படர்க்கைக்குரிய 'ஸ்' முன்னே சென்று 'டஸ்' என்பதோடு சேர்ந்துகொள்வதையும் அவனே கண்டுபிடித்தான். 1616இல் மறைந்த ஷேக்ஸ்பியர் காலத்தில் 'டூ' என்ற துணை இன்றியும் அத்துணையோடும் வினாக்கள் வழங்கின. பின்னரே துணைவினை வழக்கம் நிலைபெற்றது. அந்தத் துணையில்லாமல் 'ஸா யூ' என்று கேட்டால் இன்று நகைப்பார்கள்.

பதின்மூன்றாம் நூற்றாண்டினதாகிய நன்னூல் காட்டும் பதப்பிரிப்பு இந்த நூற்றாண்டுச் சிறுவனுக்கு ஆங்கில வினாவைத் திருத்திக் கொடுத்தது என்பதை நாங்கள் எங்கும் படித்ததில்லை, கண்ணால் கண்டோம்.

'எ', 'ஆன்' என்னும் இரண்டையும் எடுத்துக்கொள்வோம். ஒரு மரம், ஓர் அணில்; ஒரு வீடு, ஓர் ஊர். உயிரெழுத்துக்கு முன் 'ஓர்' வருவதைப் போலவே ஆங்கிலத்தில் உயிரோசைக்கு முன் 'ஆன்' வரும். நம் 'ஒரு' எண்ணுப் பெயராகிய ஒன்றிலிருந்து வந்ததுபோல, அவர்களது 'ஆன்' பழைய ஆங்கிலத்தில் ஒன்று என்னும் பொருளுடைய சொல்லே. பல பிள்ளைகள் தடுமாறும் இடம் 'யுனிவர்சிட்டி'. எழுத்தில் உயிர் நிற்பதைக் கண்டு 'ஆன் யுனிவர்சிட்டி' என்று எழுதுவார்கள். ஓசையோ யகரம். நாம் 'ஓர் யானை' என்போமா? ஒரு யானை என்பதே முறை. அவ்வாறே 'எ யுனிவர்சிட்டி'. யானை பேச்சுவழக்கில் ஆனையானால் ஓர் ஆனை என்று மாறும். இதற்கும் ஆங்கிலத்தில் இணை உண்டு. மூலிகையைக் குறிக்கும் 'ஹெர்ப்' என்னும் சொல்லில் அமெரிக்கர் முதல் ஓசையை விழுங்கி 'ஆன் எர்ப்' என்பர். ஆங்கிலேயர் 'எ ஹெர்ப்' என்பர்.

'தி' என்பதற்குத் தமிழில் நேர்ச்சொல் இல்லை. எனினும் அதன் பொருள் நம்மிடம் இல்லாமற் போகவில்லை. 'நேற்றுப் புத்தகம் வாங்கினேன்' என்றால் ஏதோ ஒரு புத்தகம். 'புத்தகத்தை வாங்கினேன்' என்றால் நீயும் நானும் அறிந்த அந்தப் புத்தகம். அஃறிணைப் பொருளோடு 'ஐ' வெளிப்பட்டு நிற்கும் இடங்களிற் பெரும்பாலும் ஆங்கிலத்தில் 'தி' வருவதைக் காணலாம். எல்லா இடத்திற்கும் இது பொருந்தாது. ஆறுகளின் பெயருக்குமுன் 'தி' ஏன், ஏரியின் பெயருக்குமுன் ஏன் இல்லை என்பதற்கு வழக்கமே விடை.

'ஐ ஆம் நோயிங்', 'ஐ ஆம் ஹாவிங் டூ பிரதர்ஸ்' என்று பேசுவதை இந்தியரின் ஆங்கிலம் என்று நகைப்பதுண்டு. இதற்கும் தமிழையே உரைகல்லாகக் கொள்ளுங்கள். 'எனக்குத் தெரியும்' என்கிறோம். 'தெரிந்துகொண்டிருக்கிறது' என்று சொல்வதில்லை. 'எனக்கு இரண்டு தம்பியர் உண்டு' என்கிறோம், 'இருந்துகொண்டிருக்கிறார்கள்' என்பதில்லை. வேண்டும், பிடிக்கும் என்பனவும் அப்படியே. தமிழில் 'கொண்டிரு' ஏற்காத இத்தகைய வினைகள் ஆங்கிலத்திலும் 'இங்' ஏற்பதில்லை. ஆனால் 'சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்' என்பது முறையாதலின் 'ஐ ஆம் ஹாவிங் மை டின்னர்' என்பதும் முறையே.

தமிழ் வழிதவறச் செய்யும் இடங்களையும் மறைக்கமாட்டோம். 'அதைப் பற்றி விவாதித்தோம்' என்னும் பழக்கத்தால் 'டிஸ்கஸ்' என்பதோடு 'அபௌட்' சேர்க்கிறோம், அது வேண்டாதது. 'நேற்றே பார்த்திருக்கிறேன்' என்று நாம் சொல்லலாம். 'ஐ ஹாவ் ஸீன் ஹிம் எஸ்டர்டே' என்பது பிழை, நேற்று என்ற சொல் வந்தால் 'ஸா' என்றே முடிக்க வேண்டும். தலைமையாசிரியரை 'ஹி' என்று சொல்ல வாய் கூசுகிறது என்றாள் ஒரு சிறுமி. 'அவர்' என்பதைத் தர ஆங்கிலத்தால் இயலாது, பொறுத்துக்கொள் என்றோம்.

ஒரு மொழியின் இலக்கணத்தை மற்றொன்றைக் கொண்டு கற்பது தாழ்வு என்று எண்ணவேண்டா. ஆங்கிலேயரே அப்படித்தான் தொடங்கினார்கள். ஆங்கிலத்திற்கு முதல் இலக்கணமாகக் கருதப்படும் வில்லியம் புல்லோக்கரின் சிறுநூல் 1586இல் வெளிவந்தது. இலத்தீன் இலக்கணமே அதற்கு அச்சு. 1762இல் இராபர்ட் லோத்தும், 1795இல் லிண்ட்லி மரேயும் எழுதிய நூல்கள் நெடுங்காலம் பள்ளிகளை ஆண்டன. அம்மரபில் வந்தவையே நம் பாட்டனார் கற்ற நெஸ்பீல்டும், 1930களில் தோன்றி இன்றும் நம் வீட்டு அலமாரிகளில் இருக்கும் ரென்–மார்ட்டினும். மறுபுறம், 1839இல் சென்னை வந்திறங்கிய போப் அடிகள் தமிழைக் கற்றுத் தமிழ்ச் சிறுவர்க்கே இலக்கண நூல் எழுதினார். இரு பக்கமும் வழி திறந்தே இருந்திருக்கிறது. நாமோ வீட்டுப் பக்கத்துக் கதவைத் தாழிட்டுவிட்டு மறுபக்கம் திறக்கவில்லையே என்று தட்டிக்கொண்டிருக்கிறோம்.

கைப்பேசியே பிழைகளைத் திருத்தித் தரும்போது இவ்வளவும் எதற்கு என்று ஓர் இளைஞர் கேட்டார். எழுதும்போது அது திருத்தட்டும். நேர்காணலில் வாய்திறக்கும்போது அது உடன்வந்து பேசாது.

அந்த அம்மையாருக்கு நாங்கள் சொன்ன விடை இதுதான். நீங்கள் பிழையற்ற இலக்கணம் பேசுகிறவர். அது தமிழில் இருக்கிறது, அவ்வளவே. மகளோடு தமிழிலேயே பேசுங்கள். அவள் ஆங்கிலத்தில் எழுதிய தொடரைத் தமிழில் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். எங்கே தமிழ் இடறுகிறதோ அங்கே ஆங்கிலத்தையும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். அவர் முதலில் நம்பவில்லை. இப்போது 'ஆகவா, இருந்தா?' என்பது அவ்வீட்டில் ஒரு விளையாட்டுச் சொல்லாகிவிட்டதாம். மகளின் அடுத்த விடுப்புக் கடிதத்தில் 'ஃபார்' சரியாக இருந்தது. 'ஹாவ் பீன்' இன்னும் வரவில்லை. அது எங்கள் பொறுப்பு.

இறுதியாகச் செயற்குழுவின் இசைவோடு ஓர் அறிவிப்பு. வரும் ஞாயிறு முதல் தமிழ் வகுப்பு காலை பத்து மணிக்கு அல்லாமல் மாலை நான்கு மணிக்கு, இதே மண்டபத்தின் மாடியறையில் நடைபெறும். இனி எந்தக் குடும்பமும் இரண்டில் ஒன்றைத் தேரவேண்டியதில்லை. கடைசி அரைமணி நேரம் இருமொழித் தொடர்களுக்கென ஒதுக்கியிருக்கிறோம். பிள்ளைகள் தமிழ்ப் புத்தகத்தோடு பள்ளியில் சிவப்பு மை பட்ட ஆங்கிலப் பயிற்சி ஏடுகளையும் கொண்டுவரலாம். அந்த அரைமணிக்குத் தாய்மார்களும் பாட்டிமார்களும் உடனிருக்க வேண்டுகிறோம். நாற்காலிகள் போதாவிடில் பாய் விரித்துக்கொள்வோம்.